தோர்பெல் கிராமத்தின் குளிர்காலக் கணக்கு

விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் நண்பர்கள் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "ஸ்விட்ஜர்லாந்தில் பனிமலையைப் பார்த்தீரா?" என்பது முதற் கேள்வி. "சாக்கலேட் கொண்டு வந்தீரா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் திருப்திகரமாக விடை சொல்ல நம்மால் முடியும். ஆயினும், அத்தேசத்தில் மூன்று வருஷமாக உத்தியோகம் பார்த்துவரும் நாம் கண்டவற்றுள் மிகவும் அதிசயமானது பனிமலையுமன்று, சாக்கலேட்டுமன்று. ஒரு சிறு மலைக் கிராமத்து ஜனங்கள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒரு விதிதான் அது. அந்த விதி பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவதற்காகச் சென்ற செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் தன்னந்தனியாகப் புறப்பட்டோம்.

'தன்னந்தனியாகப் புறப்பட்டோம்' என்று பன்மையில் எழுதுவதைக் கண்டு நேயர்கள் நகைக்கக்கூடும். பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு 'நாம்' என்னும் துணை எப்போதும் உண்டு. அன்று மலை ஏறும்போது அந்தத் துணை நமது சிற்றுண்டியில் பங்கு கேட்கவில்லை என்பது ஒரு சௌகரியம்.

அறுநூறு அடி

புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் நாள் வெள்ளிக்கிழமை மாலை, பெர்ன் நகரத்தில் நமது அறைக்குத் திரும்பியதும், சிவகங்கைச் சீமையிலிருந்து தமையனார் டெலிபோனில் கூப்பிட்டார். குரலிலே வழக்கமான உற்சாகம் இல்லை.

"தம்பி! கண்மாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நம் கிணறு வறண்டு மூன்று மாதமாகிறது. மேலக்காட்டுக்காரர் நானூறு அடிக்குப் போர் போட்டுவிட்டார். நாம் அறுநூறு அடி போட்டால்தான் பிழைக்கலாம். பணம் அனுப்பி வை."

"அவர் அப்புறம் எண்ணூறு அடி போட்டால் என்ன செய்வது, அண்ணா?"

"நாம் ஆயிரம் அடி போடுவது!"

இதைச் சொல்லும்போது தமையனார் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளை குட்டிகளோடு நிலத்தை நம்பி இருப்பவர் அவர். அயல் தேசத்தில் சம்பளம் வாங்குகிறவர் நாம். பணம் அனுப்புவது பெரிய காரியமன்று. ஆனால் நாம் அனுப்பும் பணத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் நானூறு அடி வறண்டு போகும். அவர் கடன் வாங்கி இன்னும் ஆழமாகத் தோண்டுவார். பாதாள லோகம் வரையில் போட்டி போட்டுக்கொண்டு போனாலும், அங்கே இருக்கிற தண்ணீர் ஊராருக்கெல்லாம் பொதுவான ஒரே தண்ணீர்தான் அல்லவா?

இரவு முழுவதும் தூக்கமில்லை. அப்பொழுது எப்போதோ படித்த ஒரு புஸ்தகத்தில் கண்ட கிராமத்தின் பெயர் நினைவுக்கு வந்தது. தோர்பெல். பொதுச் சொத்தைப் பாழாக்காமல் ஐந்நூறு வருஷம் ஆண்டு அனுபவித்த ஊர் என்று அதிலே எழுதியிருந்தது. ரயில் கால அட்டவணையைப் பார்த்தோம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

மஞ்சள் மோட்டார்

பெர்ன் நகரத்திலிருந்து தெற்கே செல்லும் ரயில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டு போகிறது. லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் என்னும் அந்தப் பாதை 2007-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அதன் நீளம் 34.6 கிலோ மீட்டர். கால் மணி நேரம் ஜன்னலில் நமது முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அது அவ்வளவு ரமணீயமான காட்சி அன்று. சுரங்கத்தை விட்டு வெளிவந்தால் ரோன் நதிப் பள்ளத்தாக்கு. இதுதான் வாலிஸ் மாகாணம். பிரெஞ்சு மொழியில் வாலே என்பார்கள்.

ஃபிஸ்ப் ஸ்டேஷனில் இறங்கி, மலை ஏறும் சிறிய ரயிலில் மாறினோம். 1891-ஆம் வருஷம் முதல் ஸெர்மாட் என்னும் புகழ்பெற்ற ஊருக்குப் பிரயாணிகளைக் கொண்டு போய்ச் சேர்க்கும் பாதை அது. வண்டி நிறைய ஜனங்கள். ஜப்பானியர், அமெரிக்கர், நம் நாட்டுப் புது மணத் தம்பதிகள் இரண்டு ஜோடி. எல்லோரும் 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள். அடுத்த சில நிமிஷங்களில் ஸ்டால்டன் வந்ததும் நாம் எழுந்து இறங்கினோம். எதிரில் உட்கார்ந்திருந்த நம் நாட்டு அம்மாள், "இங்கே என்ன இருக்கிறது?" என்று கவலையோடு வினவினார். "மாடு" என்று பதில் சொன்னோம். அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஸ்டால்டனிலிருந்து மேலே போகத் தபால் மோட்டார் உண்டு. மஞ்சள் வர்ணம் பூசிய இந்த வண்டிகள் 1906-ஆம் வருஷம் முதல் இத்தேசத்தின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் போய்வருகின்றன. மலைப் பாதையின் திருப்பங்களில் எதிர் வண்டியை எச்சரிப்பதற்காக ஊதும் ஊதலில் மூன்று ஸ்வரங்கள் இருக்கின்றன. வில்லியம் டெல்லின் கதையை வைத்து ரோசினி என்னும் இத்தாலிய சங்கீத வித்வான் செய்த நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்தவை அவை. தபால் வண்டிகூடச் சுதந்திர வீரனின் பெயரைச் சொல்லிக்கொண்டே மலை ஏறுகிறது!

மலைச் சரிவுகளைப் பார்த்ததும் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஆல்ப்ஸ் என்றால் எங்கும் பச்சைப் பசேல் என்று இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இங்கே பல சரிவுகள் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தன. நமது ஊர்ப் பொட்டலை எடுத்துச் சாய்த்து வைத்தாற் போல் இருந்தது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள உயர்ந்த மலைகள் மழை மேகங்களைத் தடுத்துவிடுகின்றன. ஸ்டால்டன் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 20 அங்குல மழைதான் பெய்கிறது. சென்னைப் பட்டணத்து மழையில் பாதிகூட இல்லை. பனி உருகி ஓடிவரும் ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் இங்கே புல் வளர்க்கவேண்டும். ஆக, நாம் வந்து சேர்ந்திருப்பது தண்ணீர்ப் பஞ்சமுள்ள சீமைக்குத்தான் என்று தெரிந்துகொண்டோம். உடனே அந்த மலையிடம் ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது.

"இதுதான் எங்கள் தண்ணீர்"

தோர்பெல் கிராமம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. இப்போதைய ஜனத்தொகை ஐந்நூறு பேர் அளவில். வெள்ளை வெளேர் என்ற மாதா கோவில். அதைச் சுற்றி நெருக்கமாக மர வீடுகள். லார்ச் மரக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய அவ்வீடுகள் பல தலைமுறை வெயிலில் காய்ந்து கறுத்துப் போயிருக்கின்றன. சில வீடுகளுக்குக் கற்பலகைக் கூரை. தானியக் களஞ்சியங்களோ குட்டைக் கால்களின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு காலுக்கும் மேலே அம்மிக்கல் போல ஓர் அகலமான வட்டக் கல்லை வைத்திருக்கிறார்கள். எலி ஏறாமல் இருப்பதற்கு இந்த யுக்தி.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் எண்பது பிராயமுள்ள மூதாட்டி ஒருவர் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னோம். நமது ஜெர்மன் பாஷை பெர்ன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டிக் கற்றது. அவருடையதோ இந்த மலையிலேயே பல நூற்றாண்டு விளைந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவர் சம்பாஷணையில் வேகத்தைக் குறைத்து, குழந்தைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னோம். எதற்காக வந்தோம் என்பதையும் சொன்னோம். கண்மாய், கிணறு, தமையனார், அறுநூறு அடி எல்லாம் நமது அரைகுறை ஜெர்மனில் வெளிவந்தன. அந்த அம்மையார் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "உள்ளே வாருங்கள்" என்றார்.

சமையலறை அலமாரியிலிருந்து ஒரு சிறு மரத்துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். விரல் நீளந்தான் இருக்கும். ஒரு பக்கம் ஏதோ சின்னம் செதுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் சில கீறல்கள், வெட்டுக்கள்.

"இது என்ன, அம்மா?"

"என் பாட்டனாருடையது. இதுதான் எங்கள் தண்ணீர்" என்றார்.

நமக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். எழுத்தறிவு அதிகமில்லாத காலத்தில் இப்பக்கத்து ஊர்களில் மரத்துண்டே பத்திரம். செதுக்கிய சின்னம் குடும்பத்தின் அடையாளம். வெட்டுக்கள் அந்தக் குடும்பத்துக்கு வாய்க்கால் தண்ணீர் எத்தனை நேரம் உரிமை என்பதைக் காட்டும். இதற்குத் 'தெஸ்ஸல்' என்று பெயர். எல்லோருடைய துண்டுகளும் வரிசைப்படி இருக்கும். அந்த வரிசையில்தான் தண்ணீர் வரும். பகலில் முறை வந்தால் பகலில் பாய்ச்சவேண்டும். நடு இரவில் வந்தால் நடு இரவில் எழுந்திருக்கவேண்டும்.

"நான் சிறு பெண்ணாக இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு அப்பா எழுப்புவார். லாந்தர் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போவேன். எனக்கு இருட்டென்றால் பயம். ஆனால் நாங்கள் போகாவிட்டால் முறை போய்விடும்."

இதைக் கேட்டதும் நமது நெஞ்சு சற்றே இளகிவிட்டது. நாமும் ஒரு காலத்தில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தகப்பனார் பின்னால் வரப்பில் நடந்ததுண்டு. கண்மாய் மடையிலிருந்து முறைத் தண்ணீர் வரும் இரவு அது. நீர்பாய்ச்சி மடையைத் திறந்துவிட்டுக் குரல் கொடுப்பார். நாழிகைக் கணக்குத் தவறாது. நாலாயிரத்து ஐந்நூறு மைலுக்கு மேல் இடைவெளி இருந்தாலும், விளக்குப் பிடித்த கைகள் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது.

குளிர்காலக் கணக்கு

இனி அந்த விதிக்கு வருவோம்.

தோர்பெல்லில் வீட்டுத் தோட்டமும், கம்பு போன்ற 'ரை' தானிய வயலும், திராட்சைக் கொல்லையும், வைக்கோலுக்கான புல்வெளியும் அவரவர் சொந்தச் சொத்து. ஆனால் மலை உச்சியை ஒட்டிய கோடை மேய்ச்சல் நிலம், காடு, தரிசு, வாய்க்கால், பாதை ஆகிய ஐந்தும் ஊர்ப் பொது. மேய்ச்சல் நிலத்தை அவர்கள் 'ஆல்ப்' என்கிறார்கள். கோடை வந்ததும் மாடுகளையெல்லாம் மேலே ஓட்டிச் செல்வார்கள். செப்டம்பரில் இறக்கிக் கொண்டு வருவார்கள்.

1483-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி ஊரார் கூடி, இந்தப் பொதுச் சொத்தைப் பரிபாலிக்க ஒரு சங்கம் ஏற்படுத்தி எழுதி வைத்தார்கள். பிறகு 1517-ஆம் வருஷத்தில் ஒரு விதி செய்தார்கள். அதன் சாரம் இதுதான்: ஒருவன் குளிர்காலத்தில் எத்தனை மாடுகளை வைத்துக் காப்பாற்ற முடியுமோ, கோடையில் அத்தனை மாடுகளைத்தான் பொது ஆல்ப்புக்கு அனுப்பலாம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.

பார்வைக்கு மிக எளிய விதி. ஆனால் இதிலுள்ள சாமர்த்தியத்தை யோசித்துப் பாருங்கள்! குளிர்காலத்தில் எங்கும் பனி. மாடு தொழுவத்தில் நின்றுகொண்டு, சொந்தப் புல்வெளியில் அறுத்துச் சேர்த்த வைக்கோலைத்தான் தின்னவேண்டும். ஒருவனுடைய புல்வெளி எவ்வளவு என்பது ஊரறிந்த விஷயம். தொழுவத்தில் எத்தனை மாடு என்பதும் அப்படியே. வசந்த காலத்தில் சந்தையில் பத்து மாடு வாங்கி, பொது நிலத்தில் இலவசமாய்க் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று எந்தப் புத்திசாலியும் நினைக்க முடியாது. பேராசைக்கு இயற்கையே அளவுகோலாகிவிட்டது. சர்க்கார் அதிகாரி வந்து அளக்கவேண்டியதில்லை.

சரி, மீறினால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஊரார் தங்களுக்குள்ளே ஓர் அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். மீறியவனுக்கு அபராதம் போடுவது அவர் வேலை. அபராதத்தில் பாதி அவருக்கே சேரும். ஆகையால் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கமாட்டார். ஆல்ப்பில் பாதை செப்பனிடவும், குடிசை கட்டவும், எரு பரப்பவும் ஒவ்வொருவரும் தம் மாடுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி உழைக்கவேண்டும். காட்டில் வெட்டவேண்டிய மரங்களைக் காவலர் குறியிட்டுக் காட்டுவார். வெட்டிய கட்டையை ஏறக்குறையச் சமமான குவியல்களாக அடுக்கி, சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். பெரிய குவியல் அவனுக்கு, சிறிய குவியல் எனக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை.

ராபர்ட் நெட்டிங் என்னும் அமெரிக்க மானிட சாஸ்திரி 1970-களில் இந்தக் கிராமத்தில் தங்கி, மாதா கோவில் பதிவேடுகளைப் புரட்டி, 1981-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன், 1968-இல், காரட் ஹார்டின் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை எழுதி உலகத்தைக் கலக்கியிருந்தார். பொது மேய்ச்சல் நிலம் என்று ஒன்று இருந்தால் ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விட்டு அதை நாசமாக்கியே தீருவான் என்பது அவர் வாதம். தனியாருக்குப் பங்கு போட்டுக் கொடு, அல்லது சர்க்கார் அடக்கி ஆளட்டும் என்றார். எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் இதற்கு மறுப்பாக, தோர்பெல்லையும் ஸ்பெயின், ஜப்பான், பிலிப்பைன்ஸ் தேசத்துக் கிராமங்களையும் எடுத்துக்காட்டி, ஜனங்கள் தாங்களே விதி செய்து தாங்களே காத்துக்கொள்ள முடியும் என்று 1990-இல் ஒரு நூல் எழுதினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. நாம் படித்திருந்தது அவருடைய நூலைத்தான்.

வேலிக்கு வெளியே

மூதாட்டி கொடுத்த ரை ரொட்டியை மென்றுகொண்டே நாம் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டோம். அந்தக் காலத்தில் பொது அடுப்பில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சுட்டு, மாதக் கணக்கில் வைத்துச் சாப்பிடும் ரொட்டி அது. அதை மெல்லும்போது யோசிக்க நிறைய அவகாசம் கிடைக்கிறது.

"என்னைப் போன்ற ஒருவன் அந்தக் காலத்தில் இங்கே வந்து நிலம் வாங்கியிருந்தால், ஆல்ப்புக்கு மாடு அனுப்ப விட்டிருப்பீர்களா?"

அம்மையார் சிரித்தார். "நிலம் வாங்கலாம். மாடும் வாங்கலாம். ஆல்ப்பை வாங்க முடியாது" என்றார்.

உண்மைதான். 1483-ஆம் வருஷத்து ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. அந்நியன் ஒருவன் தோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் குடியிருந்தாலும், ஆல்ப்பிலோ காட்டிலோ தரிசிலோ அவனுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. மேய்ச்சல் நிலத்தைக் காத்த வேலி மாடுகளுக்கு மட்டும் போட்ட வேலியன்று, மனிதர்களுக்கும் போட்டதுதான்.

வேலிக்கு உள்ளே இருந்தவர்களும் விலை கொடுத்தார்கள். நிலம் வளராது, ஆகையால் ஜனங்களும் வளரக்கூடாது. பலர் காலங்கடந்து மணம் செய்துகொண்டார்கள். பலர் மணமே செய்துகொள்ளவில்லை. இன்னும் பலர் ஊரை விட்டே போனார்கள். பெண்களின் நிலைமை வேறு. மூதாட்டி சொன்னார்: "இரவு இரண்டு மணிக்கு விளக்குப் பிடித்தவள் நான். தேசத் தேர்தலில் எனக்கு வோட்டு வந்தபோது வயது இருபத்தாறு." ஸ்விட்ஜர்லாந்தில் பெண்களுக்குத் தேச அளவில் வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்தது. ஆனால் இம்மாகாணத்தைச் சேர்ந்த உன்டர்பெக் என்னும் மலைக் கிராமத்துப் பெண்கள் 1957-ஆம் வருஷத்திலேயே, தடையை மீறி, வாக்குப் பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். அத்தேசத்தில் அதுவே முதல் தடவை.

இதையெல்லாம் கேட்டு நாம் முகத்தைச் சுளிக்க முடியவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நாம் பெருமையோடு படிக்கிறோம். குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டுகிறோம். அந்தக் குடத்தில் யார் பெயரெல்லாம் விழ முடியாது என்பதையும் அதே கல்வெட்டுச் சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நமது சிறு வயதில் நாழிகை தவறாமல் மடை திறந்த அந்த நீர்பாய்ச்சிக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு சாண் நிலம் கிடையாது. அவருடைய வீடு சேரியில் இருந்தது. தண்ணீரை எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட்டவருக்குத் தண்ணீரில் பங்கு இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நாம் அதை ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒற்றை மணி ஓசை

மூதாட்டியிடம் விடை பெற்றுக்கொண்டு மேலே ஏறினோம். மோஸ் ஆல்ப் என்னும் மேட்டு நிலம் 2,048 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஏறக்குறையச் சமம். லார்ச் காட்டின் ஊடே இரண்டு மணி நேரம் நடக்கவேண்டும். கீழே வறண்ட சரிவு. மேலே தெற்கு வானத்தில் பனிச் சிகரங்கள். காற்று எலுமிச்சம் பழம் பிழிந்தாற் போல் சுரீர் என்று இருந்தது. எங்கேயோ மாட்டு மணி ஓசை கேட்டது. தேடிப் போனால் ஒரு சிறு மந்தை. நாம் எதிர்பார்த்தது பெரிய மந்தை.

இன்று தோர்பெல்லில் எல்லா வீட்டிலும் மாடு இல்லை. பெரும்பாலோர் கீழே ஃபிஸ்ப் பட்டணத்து ரசாயனத் தொழிற்சாலையிலும் பிற இடங்களிலும் வேலை பார்க்கிறார்கள். பழைய களஞ்சியங்கள் சில விடுமுறை வீடுகளாகிவிட்டன. 'ஒரு மாடுகூட அதிகம் கூடாது' என்று விதி செய்த ஊரில் இன்றைக்கு, 'இன்னும் ஒரு மாடு இருந்தால் தேவலை' என்கிற நிலைமை. மேயாத இடங்களில் காடு மெள்ள மெள்ள இறங்கி வருகிறது.

அப்படியானால் அந்த விதிக்கு வேலை முடிந்துவிட்டதா? இல்லையென்றே தோன்றுகிறது. ஸ்விட்ஜர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே வருஷங்களில் தங்கள் கனத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. கோடைத் தண்ணீருக்கு ஆதாரம் அந்தப் பனிதான். அது குறையக் குறைய, மரத்துண்டில் வெட்டிய கணக்கு இந்த மலைக்கு மறுபடியும் வேண்டியிருக்கும். பழைய வாய்க்கால் பாசன முறையை 2023-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகின் கலாசாரச் செல்வங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. ஸ்விட்ஜர்லாந்தோடு வேறு ஆறு ஐரோப்பிய தேசங்களும் அந்தக் கௌரவத்தில் பங்காளிகள்.

மணி ஓசையைக் கேட்டு மயங்கி உட்கார்ந்துவிட்ட குற்றத்துக்குத் தண்டனை உடனே கிடைத்தது. கிராமத்துக்குத் திரும்பி ஓடி வந்தபோது மஞ்சள் மோட்டார் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. மூன்று ஸ்வரங்கள் மட்டும் காதில் விழுந்தன. ஒரு நிமிஷம் தாமதம்! இத்தேசத்தில் வண்டிக்காக மனிதன் காத்திருக்கலாமே தவிர, மனிதனுக்காக வண்டி காத்திருப்பதில்லை. கால்நடையாகவே ஸ்டால்டனுக்கு இறங்கினோம். முழங்கால் இரண்டும் இன்னும் அதைப் பற்றி நம்மிடம் புகார் செய்கின்றன. ஆனாலும் அந்த நடையில்தான் தமையனாருக்கு என்ன எழுதுவது என்பது தெளிவாயிற்று.

தமையனாரின் கேள்வி

தோர்பெல்லின் விதியை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்து நம் ஊரில் நட முடியாது. அங்கே பனி, இங்கே வெயில். அங்கே மாடு, இங்கே நெல். ஆனால் அந்த விதியின் உள்ளே ஒரு வித்து இருக்கிறது. பொதுவிலிருந்து எடுப்பதற்கு நம் ஆசை அளவாக இருக்கக்கூடாது. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியான, இயற்கை வகுத்த ஒரு வரம்பு அளவாக இருக்கவேண்டும். அவர்களுக்குக் குளிர்காலம் அந்த வரம்பு. நமக்கு மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் கண்மாயும் பூமியும் எவ்வளவு குடிக்கின்றனவோ அவ்வளவுதான் வருஷம் முழுவதற்கும் நம் தண்ணீர். பாதாளத்தில் புதிய தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டுக்காரருடைய தண்ணீர்தான் இருக்கிறது.

சுயராஜ்யம் என்றால் நம்மை நாமே ஆள்வது என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொள்வது என்பதும் அதே வார்த்தையின் பொருள்தான். முன்னதைச் சொல்லும்போது கைதட்டல் கிடைக்கும். பின்னதைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். நம் நாட்டில் குடிமராமத்து என்று ஜனங்கள் தாமாகச் செய்துவந்த வேலையை, 1858-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டி வந்தது. தாமாகச் செய்தது நின்றுபோனால் பிறகு சட்டம் வருகிறது. சட்டமும் பலிக்காமற் போனால் ஆழ்துளை வருகிறது.

அன்று இரவே தமையனாருக்குக் கடிதம் எழுதினோம். ஆழ்துளைக் கிணற்றுக்குப் பணம் அனுப்ப மனம் வரவில்லை என்றும், ஊர்க்கூட்டம் போட்டுக் கண்மாயைத் தூர் எடுப்பதானால் நமது பங்குக்கு மேலேயே தருகிறோம் என்றும் சொன்னோம். ஊரில் யாரும் இத்தனை அடிக்கு மேல் போடுவதில்லை, இத்தனை மணிக்கு மேல் இறைப்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வரம்பு கட்டினால் நாமும் அதற்கு உட்படுவோம் என்றோம். ஒரு நிபந்தனையும் போட்டோம். அந்தக் கூட்டத்தில் நீர்பாய்ச்சியின் பேரப்பிள்ளைகளுக்கும் நாற்காலி போடவேண்டும். தோர்பெல்லிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது வரம்பையே தவிர, வேலியை அன்று.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு டெலிபோன் மணி அடித்தது.

"நீ அங்கே மலைக்காற்று வாங்கிக்கொண்டு எழுதிவிட்டாய். இங்கே வந்து ஒரு போகம் நட்டுப் பார்" என்று தமையனார் ஆரம்பித்தார். நியாயமான பேச்சு. வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டோம். சிறிது நேரம் திட்டிய பிறகு அவர் குரல் மாறியது.

"கடிதத்தை மேலக்காட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் கடன் கழுத்து மட்டும் இருக்கிறது. நானூறு அடியிலும் தண்ணீர் குறைகிறதாம். அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

"என்ன கேட்டார்?"

"வரம்பு கட்டுவது சரி. மீறினவனுக்கு அபராதம் போடுவது யார், என்று கேட்டார்."

நாம் எழுந்து உட்கார்ந்தோம். தோர்பெல் கிராமத்தாரும் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியைத்தானே கேட்டிருக்கவேண்டும்?

"அண்ணா! அந்த அபராதத்தில் பாதியை வசூலிப்பவருக்கே கொடுத்துவிடலாம்" என்று ஆரம்பித்தோம். அன்று டெலிபோன் பேச்சு வெகு நேரம் நீடித்தது. ஆழ்துளை போடுவதற்குத் தமையனார் பேசி வைத்திருந்த லாரி இன்னும் ஊருக்கு வரவில்லை. தை அறுவடைக்குப் பிறகு ஊர்க்கூட்டம் கூடப்போகிறது என்று சொல்கிறார்கள். என்ன முடிவாகும் என்று ஜோசியம் சொல்ல நாம் தயாராக இல்லை. நமது பங்குப் பணம் மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறது.